தடை உத்தரவும் மந்திரக் கவசமும்

திருவையாறு,
புரட்டாசி 12, புதன்

அன்புத் தங்கை சாவித்திரிக்கு அண்ணன் பஞ்சநதம் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். கோலாலம்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க ஐயாறப்பர் துணை.

போனில் சொன்னால் பாதியில் அழுவாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். உன் இரண்டு ஏக்கரைப் பக்கத்து வயல்காரன் வைரக்கண்ணு வரப்பு வரப்பாகத் தின்றுகொண்டு வந்ததும், நான் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியதும் உனக்குத் தெரியும். ஆட்சி மாறும்போதெல்லாம் அவன் வேட்டிக்குக் கரை மாறும். வரப்பை வெட்டும் மண்வெட்டி மட்டும் மாறாது. உத்தரவு வந்த நாள் முதல் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

போன ஞாயிறு என் மகள் எழிலரசி, பெங்களூரிலிருந்து வந்த சிநேகிதிகளோடு நம் விதைக்கடை மாடியில் ஒரு விளையாட்டு நடத்தினாள். ஆளுக்கொரு வேஷம், இருபது முகப் பகடை, கதை நடத்த எழில். ஆள் குறைகிறதென்று என்னை மந்திரவாதி ஆக்கிவிட்டார்கள். பத்து மந்திரத்தில் ஒன்றை எடு என்றால் வியாபாரி எதை எடுப்பான்? மந்திரக் கவசத்தை எடுத்தேன். வாள் வந்தது, தெறித்தது. அம்பு வந்தது, முறிந்தது. அப்புறம் ஒரு பூதம் விஷப்புகையை ஊதியது. நான் சுருண்டு விழுந்தேன்.

"என்னம்மா இது, போலிச் சரக்கா?" என்றேன்.

"இல்லப்பா, கவசம் மேல விழுற அடியத்தான் தடுக்கும். புகைய நீங்கல்ல மூச்சுல இழுத்தீங்க?"

எழுந்து நின்றதும் ஒரு ராணி வந்து என்னைப் புகழ ஆரம்பித்தாள். "இதுக்கும் கவசம் உதவாதுப்பா. பகடைய உருட்டுங்க. பெரிய எண் விழுந்தா மயங்காம தப்பிச்சிக்கலாம்" என்றாள் எழில். விழுந்தது மூன்று. கையிலிருந்த மந்திரக்கோலை ராணியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வயலுக்குப் போனால் நட்ட சம்பா வாடி நிற்கிறது. வைரக்கண்ணு உன் வயலில் கால் வைக்கவே இல்லை. மேலே, தண்ணீர் பிரிந்து வரும் வாய்க்கால் தலைப்பை அடைத்துவிட்டான். வக்கீலம்மா கமருன்னிஸாவிடம் ஓடினேன். "உத்தரவு நெலத்துக்குள்ள நுழையக் கூடாதுன்னுதாங்க சொல்லுது. தண்ணியப் பத்தி நாம கேக்கவே இல்லையே" என்றார். விஷப்புகை!

அதிலிருந்து ஒரே யோசனை. ஒரு பாதுகாப்பை வாங்கும்போது அது எதைத் தடுக்கும் என்று நாம் கேட்கிறோம். எதைத் தடுக்காது என்று எதிரிதான் உட்கார்ந்து படிக்கிறான். அடுத்த அடி என் மேல்தான் விழும். உன் நிலத்துக்கான பவர் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. என் பலவீனமோ ஊருக்கே தெரியும். மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவன் என்று யாராவது சொல்லிவிட்டால் விதையை அடக்கவிலைக்கே அள்ளிக் கொடுத்துவிடுவேன். ஆகவே அந்தப் பவரை உடனே ரத்து செய். அண்ணன் மனம் கோணுமோ என்று பார்க்காதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
பஞ்சநதம்

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வைரக்கண்ணு வாழைத்தாரோடு கடைக்கு வந்தான். "மூட்ட தூக்கி இந்தக் கடைய எழுப்புன ஆளுண்ணே நீங்க. ஒங்ககிட்டப் போயி நான் சண்ட போடுவனா?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாய்க்காலைத் திறந்துவிட்டான். அந்தப் பவரை வைத்தே உன் வயலை அவனுக்கே குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். குத்தகைக்காரனை லேசில் கிளப்ப முடியாது, இனிமேல் சட்டமே அவனுக்குக் கவசம் என்று வக்கீலம்மா இப்போதுதான் போனில் கத்தினார். எழில் பகடையைக் கல்லாவின் மேல் வைத்து, "ஒரு தடவ உருட்டியாச்சும் பாத்திருக்கலாம்லப்பா" என்கிறாள்.