மச்சாளின் எடையும் மோட்டார்ஹோமின் பிரேக்கும்

2024 ஜனவரி 6, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர் போட்டேன். பின்வளவில் மழைமானியைப் பார்த்தேன், மழை இல்லை. சவரம் செய்தேன், குளித்தேன், நாட்குறிப்பில் திகதி எழுதினேன். இந்த வரிசை எதற்காகவும் மாறாது. (மகளின் கல்யாணத்தன்று காலையிலும் மழை அளந்தேன். மனைவி ரஞ்சி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.)

ஒழுங்கான மனிதனுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. உலகத்தில் எது பிழையாகிப் போனாலும், அது தன் ஒழுங்கினால் பிழையாகியிருக்கும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

அன்று எங்கள் மோட்டார்ஹோமுக்குத் தீர்ப்பு நாள். கட்டிலும் அடுப்பும் குட்டிக் குளிர்சாதனப் பெட்டியும் கொண்ட அந்தப் பழைய வண்டிக்கு என்னைவிடச் சில வயதுதான் குறைவு. மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஓய்வு பெற்றதும் ரஞ்சியோடு இந்த வண்டியில் நாடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்பது என் ஒரே கனவு. அந்தக் கனவுக்குத்தான் பிரேக் பிடிக்காமல் போனது.

பிடிக்காமல் போனது என்றால், எப்போதும் அல்ல. தனியாக ஓட்டும்போது அருமையாக நிற்கும். குடும்பத்தோடு எங்காவது போனால், இறக்கத்தில் மிதி பாதியில் கல்லாக இறுகிவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி தன்பாட்டில் போகும். நடுங்கி நடுங்கி, வீடிருக்கும் பாபகூராவுக்குத் திரும்பி, மேடான எங்கள் டிரைவ்வேயில் ஏற்றி நிறுத்திவிட்டு மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மிருதுவாக இறங்கும்.

நான் முறைப்படி ஆராய்ந்தேன். பிரேக் ஒயிலை மாற்றினேன். ரஞ்சியை மிதியில் கால் வைக்கச் சொல்லிவிட்டு, நான் சக்கரத்தடியில் படுத்துக் குழாய்களிலிருந்து காற்றெடுத்தேன். (“மிதி”, “விடு” என்று நான் கத்தியதைக் கேட்டு, வீட்டில் ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.) மிதி இறுகினால், கால் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரில்தான் பிழை என்று படித்தேன். பூஸ்டரை மாற்றினேன். அதற்குப் போகும் ரப்பர்க் குழாயையும் மாற்றினேன். கடைசியில் விரி என்ற ஊரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். நான் எந்த வண்டியையும் துடைத்து, உள்ளே ஒரு துரும்பும் இல்லாமல்தான் கொடுப்பேன். மெக்கானிக் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் புதுசுபோல இருக்கிறது என்றார்.

அப்படியானால் மிச்சம் ஒரே ஒரு காரணம்தான்: பாரம். ஆட்கள் ஏறினால்தானே பிழை வருகிறது?

அந்த நேரம் பார்த்து ரஞ்சியின் அக்கா, அதாவது என் மச்சாள் புஷ்பமும் அவர் கணவர் சேவியர் அண்ணையும் டொரொண்டோவிலிருந்து வந்திருந்தார்கள். ஹூனுவா அருவிக்கு மோட்டார்ஹோமில் கூட்டிப் போவதாக நான் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தேன். ரஞ்சி முதல் நாளே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“இந்தமுறையும் பிரேக் கைவிட்டுதெண்டால், ஞாயிற்றுக்கிழமை அந்த மனுசன் வந்து கொண்டு போகட்டும்.”

அந்த மனுசன் என்பவர் வண்டியை வாங்க விரும்பியவர். அவரோடு பேசி நாள் குறித்ததும் ரஞ்சிதான்.

ஆகவே சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு காரியம் செய்தேன். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. பாரத்தைக் கணக்கிட வேண்டும் என்று, இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்த மச்சாளிடம் அவருடைய எடையைக் கேட்டேன்.

சொதிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. சேவியர் அண்ணை யன்னலுக்கு வெளியே எதையோ அவசரமாகப் பார்க்கத் தொடங்கினார்.

“ஏன் தம்பி,” என்றார் மச்சாள் நிதானமாக, “என்னைப் பார்சலிலயோ அனுப்பப்போறீர்?”

ரஞ்சி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

வண்டியில் ஏறும்போது வழக்கம்போல எல்லோரும் காலணியைக் கழற்றினார்கள். அது நான் போட்ட சட்டம். உள்ளே புதுக் கார்ப்பெட் விரித்திருந்தேன், அதுவும் வீடுதானே? கழற்றியதைக் கண்டபடி போட முடியாது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே நல்ல இடம் இருந்தது. சோடி சோடியாக அங்கே அடுக்குவேன். அன்றும் நானே அடுக்கினேன்.

ஹூனுவா வரை பாதை பெரும்பாலும் ஏற்றம். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. சேவியர் அண்ணை, கனடாவில் இப்படி ஒரு வண்டியை அருங்காட்சியகத்தில் வைத்திருப்பார்கள் என்றார். பிறகு இறக்கம் வந்தது. முதல் வளைவில் மிதித்தேன், நன்றாகப் பிடித்தது. வெற்றிப் புன்னகையோடு ரஞ்சியைப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் மிதித்தேன். கல்.

“ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ,” என்றேன். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் பயந்தார்கள். கியரைக் குறைத்தேன், கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். எஞ்சின் அலறியது. பின்னால் மச்சாள் செபமாலையைத் தொடங்கிவிட்டார். “அருள் நிறைந்த மரியே”க்கு நடுவில் “தம்பி, இடப்பக்கம் பாரும்” என்ற வேண்டுதலும் வந்தது. வேகமாகப் போனோம் என்று சொல்ல முடியாது. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். ஆனால் நிற்கவும் இல்லை.

அருவியடி வாகனத் தரிப்பிடத்துக்குள் அப்படியே உருண்டு நுழைந்து, புல்லில் ஏறி, ஒரு பெரிய சமோவக் குடும்பத்தின் கூடாரத்தை நோக்கிப் போனோம். இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த மலைபோன்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். இடுக்கியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை நீட்டினார். வண்டி அவருடைய உள்ளங்கையில் மெல்ல முட்டி நின்றது. கைப்பிரேக்தான் நிறுத்தியது என்று நான் இன்றும் சொல்கிறேன். அவருடைய குடும்பம் அப்படி நினைக்கவில்லை, எழுந்து கைதட்டியது.

“யூ ஓகே, ப்ரோ?” என்றார் அவர்.

நான் வெறுங்காலோடு குதித்து, மன்னிப்புக் கேட்டு, நேரே வண்டிக்கடியில் புகுந்துவிட்டேன். ஒரு குழாயாவது வெடித்திருக்க வேண்டும் என்று ஆசையோடு தேடினேன். எல்லாம் பளபளவென்று இருந்தன. அப்போது மேலேயிருந்து மச்சாளின் குரல்.

“தம்பி, என்ர ஒரு செருப்பைக் காணேல்லை.”

“மச்சாள், உயிர் தப்பினதே பெரிசு. இப்ப செருப்போ தேடுறியள்?”

“உமக்கென்ன, முழங்கால் நோவுக்கு டொக்டர் சொல்லி வாங்கின செருப்பு.”

மேலே எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “இந்தா கிடக்கு. பிரேக் மிதிக்குக் கீழ. இறுகிப்போய் நிக்குது, ஒருக்கா இழுத்துத் தாரும்.”

நான் வண்டிக்கடியிலேயே படுத்திருந்தேன். எல்லாம் தானாக அடுக்கிக்கொண்டு விளங்கியது. இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் காலணிகள் இருக்கைக்கடியிலிருந்து முன்னால் வழுக்கி மிதிக்கடியில் போய்ச் சொருகும். வீட்டு மேட்டில் ஏறும்போது பின்னால் போய்விடும். தனியாக ஓட்டும்போது வீட்டிலிருந்தே வெறுங்காலோடு ஏறுவேன், அங்கே காலணியே இல்லை. குனிந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவில் பல வருடமாக ஒரு வயிறு இருக்கிறது.

ரஞ்சி குனிந்து வண்டிக்கடியில் என் முகத்தைப் பார்த்தாள். “அப்ப அந்த பூஸ்டர்?” என்றாள்.

நான் வண்டிக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தேன்.

மாலை, இருக்கைக்கடியில் எதுவும் இல்லாமல், காலையில் முனகி ஏறிய மேடுகளில் இறக்கி ஓட்டி வந்தேன். வண்டி நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. ரஞ்சி வழி முழுக்க என் காலையும் மிதியையும் பார்த்துக்கொண்டே வந்தாள். விற்பனையைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் எது பழுதானாலும், தண்ணீர்க் குழாயோ வைஃபையோ, நான் காரணம் சொல்ல வாயைத் திறந்தால் மகள் முந்திக்கொள்வாள்: “அப்பா, செக் த ஷூஸ்.” டொரொண்டோவிலிருந்து மச்சாள் அழைத்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்பே தன்னுடைய அன்றைய எடையைச் சொல்லிவிடுகிறார். கணக்குக்குத் தேவைப்படுமாம்.

அருவிக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிறு காலை, நான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அதுவரை அந்த வண்டியை ஒரு தரமும் ஓட்டாத ரஞ்சி, தேவாலயப் பூசைக்குப் போகும் சேலையோடும் சப்பாத்தோடும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள்.

“ஏறுங்கோ,” என்றாள். “சப்பாத்தைக் கழட்டாமல் ஏறுங்கோ. அந்த மனுசனுக்கும் வரவேண்டாமெண்டு அறிவியுங்கோ.”

ஏறினேன். அவள் டிரைவ்வேயில் இறக்கினாள். நான் செய்தியை எழுதி அனுப்புவதற்குள் தெருமுனை வந்தது. அவள் மிதித்தாள். வண்டி கோட்டுக்கு முன்னால் ஒழுங்காக நின்றது.