ஈயம் தின்ற கொடுவா

என்ஜின் கரகரவென்று முனகிவிட்டு நின்றபோது, லைமனின் தூண்டிலில் பெரிய வரிக்கொடுவா ஒன்று மாட்டியிருந்தது. மீனை ஏற்றுவதா, என்ஜினைப் பார்ப்பதா என்று அவன் தடுமாறிய நொடியில் தூண்டில் நரம்பு அறுந்தது. மீன் போய்விட்டது.

விடிந்தும் விடியாத நேரம். கேப் காட் விரிகுடா முழுக்க மூடுபனி. எதிரே உட்கார்ந்திருந்த மனைவியின் அண்ணன் எல்டனின் முகமே அவனுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

லைமன் என்ஜின் கயிற்றை இழுத்தான். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தான். கயிறு கையோடு வந்துவிட்டது.

படகை நீரோட்டம் எங்கோ இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. நங்கூரம் போட்டால் நிற்கும் என்றான் எல்டன். லைமன் தூக்கி வீசினான். நங்கூரம் போனது, பின்னாலேயே கயிறும் போனது. மறுமுனையைப் படகில் கட்டியிருக்கவில்லை.

"மாப்ளே, போன்?"

"கார்ல இருக்கு. உங்களுது?"

எல்டனுடையதும் காரில்தான் இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு துடுப்பு. லைமன் அதை ஓங்கித் தண்ணீருக்குள் செலுத்தினான். கீழே எதுவோ அதைக் கவ்விப் பிடித்தது. இழுத்தான், வரவில்லை. படகு நகர்ந்துகொண்டே இருந்ததால் பிடி நழுவியது. துடுப்பு மூடுபனிக்குள் மறைந்துவிட்டது.

"சுறா," என்றான் லைமன். சுறா நடமாட்டம் என்று போன வாரம்தான் கடற்கரையில் கொடி ஏற்றியிருந்தார்கள்.

இருவரும் படகுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். வயிற்றுக்குக் கீழே பலகையை எதுவோ மெல்ல உரசிக்கொண்டு போனது. ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"மச்சான், போன வருஷம் போட்டியில உங்கள ஜெயிச்சேனே, அந்த மீன். அது வயித்துல ஈயக்குண்டு போட்டுத்தான் எடைக்கு வச்சேன்."

எல்டன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்தவன் அவன். அந்தக் கோப்பைக்காகவே அலமாரியில் இடம் ஒதுக்கி, ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தவன்.

"ஈயமா?" என்றான்.

"ஈயம்தான்."

"சரி விடு. சாகப்போற நேரத்துல கோப்பை என்ன கோப்பை. மன்னிச்சுட்டேன்." லைமனின் கையைப் பற்றிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "இதையே கரையில வச்சு சொல்லியிருந்தீன்னா உன்னக் கொன்னே போட்டிருப்பேன்."

லைமன் தேம்பி அழுதான். அழுதபடியே தலையைத் தூக்கியவன் அப்படியே உறைந்துபோனான். மூடுபனிக்குள்ளிருந்து வெள்ளை முடியோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தண்ணீரின் மேல் நடந்து.

எல்டனும் பார்த்தான். அவன் பிடி இறுகியது.

"அம்மா," என்றான், "எங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

அவள் மட்டிச் சிப்பி பொறுக்கும் கூடையை இடுப்பில் இடுக்கியபடி, அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, கரைய ஒட்டி முட்டளவு தண்ணியில கையப் புடிச்சுக்கிட்டு படுத்து என்ன பண்றீங்க?"