சும்மா இருக்க ஒரு நாள்

என் அக்காள் பெற்ற அருமை மருமகள் லான்யுனுக்கு, யொங்ஜோவிலிருந்து தாய்மாமன் ஹே தாகுய் மனம் நிறைந்து எழுதுவது. உன் அம்மாவும் நானும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். கால் வீக்கம் வற்றிவிட்டது, வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் ஷாங்காயில் வேலை வேலை என்று கிடக்காமல் வேளைக்குச் சாப்பிடு.

உனக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம். மாப்பிள்ளை கோங் ரூயைப் பெற்ற மியாவ் அம்மா, "ஒண்ணா ஊர் சுத்தினாத்தான் மனுஷங்க யாருன்னு தெரியும், கல்யாணத்த அப்புறம் பேசலாம்" என்று ஹார்பினிலிருந்து சொல்லியனுப்பியதும், மே தின விடுமுறைக்குப் பெரியவர்கள் எங்கள் நால்வருக்கும் நீதான் திட்டம் போட்டுத் தந்தாய். உன் கல்யாணமே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. யாங்ஷுவோ ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி, லொங்ஜி மலைவயல்களில் இரண்டு ராத்திரி, நடுவே ஒரு நாளுக்கு நேராக "சும்மா இருத்தல்" என்று எழுதி, கீழே "மாமா, எதையும் சேர்க்காதீங்க" என்று கோடும் இழுத்திருந்தாய். படித்த பெண், பாவம், ஒரு நாளை நிரப்ப மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வரைபடத்தில் விரலை வைத்து அளந்தேன். லொங்ஜியிலிருந்து ஒரு சுண்டுவிரல் தூரத்தில் ஃபெங்ஹுவாங் பழைய ஊர், அதற்கு மேலே கட்டைவிரல் தூரத்தில் சாங்ஜியாஜியே தூண்மலை. இரண்டையும் சேர்த்துக்கொண்டு, லொங்ஜி அறையை ரத்துசெய்யச் சொல்லி உனக்கே செய்தி அனுப்பினேன். வயலைப் பார்க்கவா பயணம், நம் வீட்டுக்குப் பின்னால் இல்லாத வயலா?

யாங்ஷுவோவில் என் திறமையால் ஆறு, குகை, பெரிய ஆலமரம் எல்லாவற்றையும் அரைநாளில் முடித்தேன். எங்கள் மூங்கில் படகு போன வேகத்தில் நீர்க்காகங்கள் வாயிலிருந்த மீனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தன. ஆயுள் முழுக்க ரயில் எஞ்சின் ஓட்டிய மாப்பிள்ளையின் அப்பா கோங் ஐயாவே, இந்த வேகத்தைத் தண்டவாளத்தில்கூடப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்த மியாவ் அம்மா மட்டும் ஷூவைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். மறுநாள் விடியலிலேயே எல்லோரையும் எழுப்பி வாடகை வேனில் ஏற்றி ஃபெங்ஹுவாங்குக்குக் கிளப்பினேன், நாடே விடுமுறையில் சாலைக்கு வந்திருந்தது, லொங்ஜிக்குப் பிரியும் இடத்தைத் தாண்டியதும் மழையில் மண் சரிந்து, எங்களுக்கு முன்னால் வண்டிகள் பீஜிங் வரை நின்றன, என் கண்ணால் பார்த்தேன். மதியமாகியும் சக்கரம் உருளவில்லை. மியாவ் அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, உங்க திட்டத்துல உக்கார்ற எடம்னு எங்கயாச்சும் இருக்கா?"

உன் அம்மா முகம் வெளுத்தது. உன் கல்யாணம் வேன் கதவைத் திறந்து இறங்கிப் போவதை நானே பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் உன் ஃபோன் வந்தது.

"வண்டியத் திருப்புங்க மாமா. லொங்ஜி ரூம நான் ரத்து பண்ணவே இல்ல. உங்கள எனக்குத் தெரியாதா?"

தெய்வமே, நீ வாழ்க. சாயங்காலம் மலையேறிப் போய் விழுந்தவர்கள் மறுநாள் முழுக்க எழவில்லை. வெளியே மழை, மூங்கிலில் வெந்த சோறு, ஒரு கூடை சூரியகாந்தி விதை. மியாவ் அம்மாவும் உன் அம்மாவும் ஷூவைக் கழற்றிவிட்டு, விதையைக் கொறித்துக்கொண்டே என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். "சின்னதுல வாத்து மேய்க்க அனுப்பினா, மூணு ஊர் சுத்திட்டு வாத்து இல்லாம வருவான்" என்றாள் அக்கா. "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே" என்று மியாவ் அம்மா, குறட்டை விட்டுக்கொண்டிருந்த கோங் ஐயாவைக் காட்டினார். மேகம் விலகி, தண்ணீர் கட்டிய வயல்கள் படிப்படியாக மின்னியபோதுகூட இருவரும் நிறுத்தவில்லை. இருட்டுவதற்குள் சம்பந்தி ஆகிவிட்டார்கள். "அக்டோபர் இருபத்தாறு வெச்சுக்கலாம், வண்டி ஏற்பாடு மட்டும் இவர் பண்ணக்கூடாது" என்றார் மியாவ் அம்மா. ஆகக்கூடி, திட்டு வாங்கியே உன் கல்யாணத்தை முடித்துவைத்தவன் உன் மாமன்.

இருந்தாலும் பாதிப் பெருமை உனக்கே. இனி எவர் பயணத் திட்டத்திலும் கைவைக்க மாட்டேன் என்று முன்னோர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிச் சொல்லிவிட்டேன். உன் அரிசிப் பானை என்றும் குறையாதிருக்கட்டும், உன் வீட்டு வாசலில் சிரிப்புச் சத்தம் ஓயாதிருக்கட்டும்.

உன் மாமன்,
ஹே தாகுய்

பி.கு.: சம்பந்திகள் இருவரும் இப்போது தினம் ஃபோனில்தான் குடியிருக்கிறார்கள். ஜியுஜாய்கோ பள்ளத்தாக்கில் இலை சிவப்பதைப் பார்க்க வேண்டுமாம். அந்த ஆசையைக் கேட்டபின் சும்மா இருக்க முடியுமா? நான்கு பேருக்கும் சுற்றுலாக் குழுவில் இடம் பிடித்துப் பணமும் கட்டிவிட்டேன், திருப்பித் தரமாட்டார்கள். புறப்பாடு அக்டோபர் இருபத்தைந்து. நீ கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிவை. மாப்பிள்ளை காத்திருப்பான், இலை காத்திருக்காது.