பால் குடித்த பத்திரிகை

“பிள்ளைங்க கோப்பிக்கு வச்சிருந்த பாலுங்க அது!”

அற்புதமேரி கத்தி முடிப்பதற்குள் அருளானந்தம் சட்டியில் வினிகரை ஊற்றிவிட்டார். பால் திரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“இனிமே இது பால் இல்ல மேரி. பேப்பர்.”

“நேத்து முட்டையப் பேப்பருன்னீங்க. அதுக்கு முந்தி சோத்துக் கஞ்சியப் பேப்பருன்னீங்க. இப்படியே போனா நாங்க பேப்பரத்தான் திங்கணும்.”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் இருந்த அருள் அச்சகத்தில், கொஞ்ச நாளாகவே அச்சடிப்பதை நிறுத்திவிட்டுப் பின்கட்டுச் சமையலறையில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சிக்குக் காரணம் பக்கத்து மசாலா மில்லின் முதலாளி சேதுபதி. அச்சகம் இருந்த கட்டடமும் அவருடையதுதான்.

சேதுபதியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பணக்காரர்கள் இருக்கும் காத்தோங்கில். சம்பந்தி தன் மூத்த பையனுக்கு அடித்த கல்யாணப் பத்திரிகையைக் காட்டியிருந்தார். வெளிநாட்டுக் காகிதம், கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று சேதுபதிக்குத் தோன்றியது. தலையில் முடி இல்லாததால் பொறாமையோடு நிறுத்திக்கொண்டார்.

“எனக்கும் அதே மாதிரி வேணும் அருளு. கார்டு நல்லா வந்துச்சுன்னா நீ இந்தக் கடையிலயே இரு. இல்லன்னா கல்யாணத்துக்கு மறுநாள் எடத்தக் காலி பண்ணிக் குடுத்துடு. எனக்கு மொளகா மூட்ட போட எடமில்ல.”

அந்தக் காகிதம் ஏற்றிய கப்பல் கல்யாணத்துக்குப் பிறகுதான் சிங்கப்பூர் வரும் என்று காகிதக் கடைக்காரன் கையை விரித்துவிட்டான். அருளானந்தம் அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாய் அவர் பேச்சைக் கேட்கிற வாய் இல்லை.

“கப்பல் எதுக்கு மொதலாளி? நானே செஞ்சு தரேன் லா.”

“நீயா? எப்படி?”

“சயின்ஸ்.”

அந்த சயின்ஸ், கோப்பிக் கடையில் ஒரு மை கம்பெனி ஏஜெண்டு அரைகுறையாகச் சொன்னது. வெளிநாட்டுக் காகிதம் பிறக்கும்போதே பளபளப்பதில்லையாம். பாலிலிருந்து எடுத்த பசையில் வெள்ளை மண்ணைக் குழைத்து மேலே பூசுகிறார்களாம். அப்படிப் பூசினால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்குமாம், எழுத்து கத்தி மாதிரி விழுமாம். மீதியைச் சொல்வதற்குள் ஏஜெண்டின் பஸ் வந்துவிட்டது.

கஞ்சி பூசிய அட்டை அப்பளமாகச் சுருண்டது. அதைக் கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு வந்து தின்றுவிட்டுப் போயின. முட்டை பூசிய அட்டையில் பிள்ளையார் படம் நன்றாகத்தான் விழுந்தது, ஆனால் பத்திரிகையைப் பிரித்தால் ஆம்லெட் வாசம் அடித்தது. சைவக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு அது சரிப்படாது.

மிச்சமிருந்தது பால். திரிந்த பால் எதிலும் கரையாமல் அடம் பிடித்தது. வெற்றிலைக் கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து போட்டார். உடனே கரைந்து கெட்டியான பசையாகிவிட்டது! அதில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பையும் இடித்த சாக்பீஸையும் சேர்த்து அட்டைகளில் பூசினார். கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் கயிறு கட்டி உலர்த்தினார். பளபளப்பு வர மேலே பாட்டிலை உருட்டி உருட்டித் தேய்த்தார்.

அச்சடித்து முதல் அட்டையை எடுத்தபோது அருளானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்து ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. பிள்ளையாரின் கையிலிருந்த கொழுக்கட்டையின் மடிப்புகூடத் தெரிந்தது.

“மேரி, நான் ஜெயிச்சுட்டேன்!”

“பால்காரன் ஜெயிச்சுட்டான்னு சொல்லுங்க,” என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

சேதுபதி பத்திரிகையை வெயிலில் காட்டி, விளக்கில் காட்டி, தன் வழுக்கைக்கு நேரே காட்டி மகிழ்ந்துபோனார். “இதுல என்னடா போட்ட?” என்று கேட்டதற்கு, “தொழில் ரகசியம் மொதலாளி. இது சாதாரணப் பேப்பர் இல்ல” என்று அருளானந்தம் தோளைக் குலுக்கினார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார். அதுதான் கடைசி நிம்மதி.

மறுநாள் காலையில் மில்லில் மாவு சலிக்கும் பூவம்மா ஓடி வந்தாள்.

“தம்பி, மொதலாளி கையோட கூட்டியாரச் சொன்னாரு. மூஞ்சியே சரியில்ல.”

சேதுபதி வீட்டு ஹாலில் தாம்பாளத்தில் ஒரு பத்திரிகை இருந்தது. முதலாளியின் மனைவி மங்களம் முறைப்படி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். நான்கு மூலையும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

அருளானந்தத்துக்கு உடனே புரிந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு, அதுதானே ஆரத்தி! எத்தனை இந்துக் கல்யாணங்களில் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்! ஆனால் லூர்து மாதா கோயில் கல்யாணங்களுக்கு அடித்தே பழகிய கை, பத்திரிகை மூலையில் மஞ்சள் வைப்பார்கள் என்பதை மறந்தே போயிருந்தது.

சேதுபதி கதவைச் சாத்தினார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“அருளு, இத வேற யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல மொதலாளி. வந்து... ஒரு உண்மையச் சொல்லணும்...”

“சொல்லாத! ஒரு வார்த்த வெளிய போகக்கூடாது. சம்பந்தி காதுக்குப் போச்சுன்னா கல்யாணம் நின்னுடும். வேற மஞ்சத்தூள் அரைச்சு அனுப்புறேன், வச்சுப் பாரு.”

அபசகுனத்துக்கு மனுஷன் எப்படிப் பயப்படுகிறார் என்று அருளானந்தம் பரிதாபப்பட்டார். ‘உண்மை தெரிந்தால் நாளைக்கே மிளகாய் மூட்டை வந்து இறங்கும்’ என்று தன்னை நினைத்தும் பரிதாபப்பட்டார்.

பூவம்மா கொண்டுவந்த புது மஞ்சளும் சிவந்தது. சிவக்காமல் என்ன செய்யும்? விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போனவள் திரும்பிவந்து, “மொதலாளி அப்படியே தூணப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு” என்றாள்.

சுண்ணாம்பை முறிக்கப் புளிப்பு போதும் என்று அருளானந்தம் கணக்குப் போட்டார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு மூலையில் தடவினார். சிவப்பு மறைந்து மஞ்சள் வந்தது. அவர் “ஆகா!” என்பதற்குள் சாக்பீஸ் சோடா மாதிரி பொங்கியது. பூச்சு நுரைத்துப் பெயர்ந்தது. மணப்பெண்ணின் பெயர் மெல்ல மிதந்துபோய்ப் பிள்ளையாரின் தொப்பையில் ஒட்டிக்கொண்டது.

“மொதலாளிகிட்ட போய் உள்ளதச் சொல்லுங்க,” என்றாள் அற்புதமேரி.

“சொன்னா நம்ம நடுத்தெருவுல நிக்கணும்.”

அடுத்து, மஞ்சள் காகிதத்தைத் தொடாமல் இருக்க எல்லாப் பத்திரிகைகளின் மூலைகளிலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். மஞ்சள் ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு மேசையில் விழுந்தது. மெழுகு போட்ட பத்திரிகைகளை அடுக்கி வைத்தால் அவையும் வழுக்கி ஐந்தடிப் பாதை முழுக்கப் பரவின. வழியில் போகிறவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வரக்கூடிய நிலைமை ஆகிவிட்டது.

ஆத்திரத்தில் அருளானந்தம் கட்டிங் மெஷினில் மெழுகோடு சேர்த்து மூலைகளையே வெட்டி எறிந்தார். மூலை இல்லாவிட்டால் மஞ்சளை எங்கே வைப்பார்கள்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு பத்திரிகையை மங்களத்திடம் கொடுத்தனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. நான்கு மூலையை வெட்டியதில் எட்டு மூலை வந்திருந்தது. “எட்டு மூலையா, ரொம்ப விசேஷமாச்சே” என்று மங்களம் எட்டிலும் மஞ்சள் வைத்திருந்தார். எட்டும் சிவந்திருந்தன.

பின்னாலேயே சேதுபதியும் வந்து நின்றார். ஒரே நாளில் இளைத்துப் போயிருந்தார்.

“அருளு, என்னய இந்தப் பேப்பர்கிட்ட இருந்து காப்பாத்துடா.”

“மொதலாளி, இனிமே என்னால மறைக்க முடியாது. உண்மை என்னன்னா...”

“அய்யோ, உண்மைய விடுடா!” சேதுபதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மில்லுக்குள் ஓடினார்.

அருளானந்தம் எட்டு மூலைப் பத்திரிகையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினைந்து வருஷமாகக் கட்டிக் காத்த அச்சகம். டிரெடில் அச்சு மெஷினைத் தொட்டுப் பார்த்தார்.

அற்புதமேரி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். கறுப்புக் கோப்பிதான்.

“ஏங்க, மஞ்சத்தூளு வச்சாத்தான செவக்குது? மஞ்ச மையையே அந்த எடத்துல அச்சடிச்சுட்டா என்ன?”

அருளானந்தம் அவளை அப்படியே பார்த்தார். எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் செய்யாத காரியம் அது.

எல்லாப் பத்திரிகைகளின் எட்டு மூலையிலும் மஞ்சள் மை போட்டு அச்சடித்தார். அச்சு மஞ்சள் அசல் மஞ்சளைவிட மஞ்சளாக ஜொலித்தது. பால் பூச்சில் மை கொஞ்சமும் பரவவில்லை.

சேதுபதி பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். தொட்டார். முகர்ந்தார்.

“மஞ்சத்தூள் வைக்கவே வேணாமா?”

“வேணாம் மொதலாளி. அச்சுலயே வச்சாச்சு. அம்மா கோவிச்சுக்க மாட்டாங்களே?”

“அவகிட்ட நான் பேசிக்கிறேன். புது ஃபேஷன்னு சொல்லிடலாம். ஒரு பய இந்தப் பேப்பர்ல மஞ்சத்தூளத் தொட்டு வைக்கக்கூடாது!” சேதுபதி அருளானந்தத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. “இந்தக் கடை ஒனக்குத்தான்டா. ஒனக்கப்புறம் ஒம்புள்ளைக்கு. மொளகா மூட்டைய நான் என் கட்டிலுக்கு அடியில போட்டுக்கிறேன்.”

காத்தோங் சம்பந்தி எட்டு மூலைப் பத்திரிகையைப் பார்த்து வாயடைத்துப் போனாராம். தன் இளைய பையனுக்கும் இதே காகிதம்தான் என்று சொல்லிவிட்டாராம்.

ஆனால் அருளானந்தத்துக்கு மனசு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற மனுஷன். தப்பு செய்தவன் இவர், தண்டனை கொடுக்க வேண்டியவர் கட்டிப்பிடித்து அழுகிறார். எந்த ஊர் நியாயம் இது? எப்படியும் சுண்ணாம்பு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து மில்லுக்குப் போனார். அவரைத் தூரத்தில் கண்டதுமே சேதுபதி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஒன்றும் புரியாமல் அருளானந்தம் திரும்பினார். வாசலில் சல்லடையோடு உட்கார்ந்திருந்த பூவம்மா அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மரியாதையோடு கேட்டாள்:

“ஏந் தம்பி, நாங்க மஞ்சத்தூள்ல கடலமாவு கலக்குறத இத்தன வருஷமா ஒரு மனுஷன் கண்டுபுடிச்சதில்ல, அடுத்த தடவ கலப்படத்தப் பாதியாக் கொறச்சு அரைச்சும் தப்பிக்க முடியல, ஒம் பேப்பரு மட்டும் எப்புடிய்யா கண்டுபுடிச்சுச்சு?”