கதியால் அண்ணை கொடுத்த ஒரு சாண்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வேலி வைத்திருந்த தமிழர் எல்லாரும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் பயந்தார்கள். அவர் கதியால் அண்ணை. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வேலிக்கு நட்டால் துளிர்க்கும் கம்புதான் கதியால். அதைத் தவிர மனுசனிடம் வேறு கதை இல்லை. கிழமை நாட்களில் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி தூக்குவார். சனிக்கிழமைகளில் அழைக்காத வீட்டுப் பின்வளவில் நின்று குறை சொல்வார். பிறந்தநாள் கேக் வெட்டும்போதுகூட யன்னலால் வேலியைத்தான் பார்ப்பார்.

நான் ஸ்காபரோவில் வீடு வாங்கினேன். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவருக்கும் எங்களுக்கும் நடுவே பற்றை வேலி. அதில் இருந்த பொட்டுக்குள்ளால், அதாவது ஓட்டைக்குள்ளால், அவருடைய நாய் நுழைந்து என் மிளகாய்க் கன்றுகளை நாசம் செய்துவிட்டுப் போகும். கிழவரோடு முறுகல் தொடங்கியிருந்தது. பலகை அடிக்கப் போகிறேன் என்று கதியால் அண்ணையிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"உதுக்குப் பேர் வேலியோ? செத்த பலகை! பற்றையை அடியில அரைவாசி வெட்டிச் சரிச்சுப் பின்னினால் பொட்டு அடைபடும். தாங்கக் கதியால் மட்டும் வேணும்."

"இரும்புக் கம்பி வாங்கிறன், அண்ணை."

"இரும்பு முளைக்குமே?"

கம்பு தேடத் தொடங்கினார். மேப்பிளை நகத்தால் சுரண்டி, "வீம்பு பிடிச்ச மரம்" என்றார். கடைசியில் ஓடைக்கரை வில்லோ மரத்தில் கம்பு வெட்டி, கட்டாகக் கட்டி, பஸ்ஸிலேயே கொண்டுவந்து இறங்கினார். சக பயணிகள் என்ன பாடுபட்டார்களோ!

என் மனைவி நடுங்கினாள். "இந்தாள் ஊரில வேலியைத் தள்ளி அரக்கி, கூடப்பிறந்த தமையனோடயே கோடேறி வழக்காடினவர். கிழவன்ர காணியை அரக்கினால் பொலிஸ் வருமப்பா!"

அண்ணை பற்றையைச் சரித்தார், பின்னினார், கதியால் நட்டார். பச்சைத் தடிகளால் மேலே வரிந்து கட்டினார். எல்லாம் முடிந்தபின் அளந்து பார்த்தேன். மனைவி சொன்னது சரி, வேலி ஒரு சாண் அரங்கியிருந்தது. ஆனால் எங்கள் பக்கம்!

"அண்ணை! என்ர காணியை ஏன் அவனுக்குக் குடுத்தனீங்கள்?"

அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டினார். "ஒரு சாணுக்காகத் தமையனோட கோடேறினன். வழக்கில வெண்டும் போட்டன். அவர் இப்ப இங்க பக்கத்தில, விட்பியிலதான் இருக்கிறார். செத்த வீட்டில கண்டாலும் கதைக்கிறேல்லை. உனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வேணுமெல்லோ?"

"அதுக்கு உங்கட காணியைக் குடுக்கிறதுதானே?"

"எனக்கெங்க காணி? நான் பேஸ்மென்றில எல்லோ இருக்கிறன்."

அன்று அவரைத் திட்டித்தான் அனுப்பினேன். அடுத்த மாதம் கதியால்கள் துளிர்த்தன. கோடையில் கிழவர் வேலிக்கு மேலால் ஒரு கூடை தக்காளியை நீட்டினார்.

அண்ணை இப்போது இல்லை. அந்த ஒரு சாணுக்கும் வரி நான்தான் கட்டுகிறேன், ஆனாலும் வேலியை நேராக்க மனம் வரவில்லை. கனடாவில் அவருக்கென்று இருந்த காணி அது மட்டும்தான்.