ஜனாதிபதி நாற்காலியில் என் மாமனார்

மேடையில் உதாரணம் சொல்கிறவன், எதிரில் உயிரோடு இருக்கும் ஆளைக் கைகாட்டக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொந்தக் கல்யாணத்தையே பணயம் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கோவைக் கல்லூரி ஒன்றில் அரசியல் பாடம் நடத்தப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். (உலகத்துச் சட்டசபைகள் எல்லாம் என்னைக் கேட்டுத்தான் கூடுகின்றன என்ற நினைப்பு.) பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிற்று. பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்த அவளுடைய அப்பா பதில் சொல்லாமல், "எங்க மில் மன்றத்துல வந்து ஒரு பேச்சுப் பேசுங்க தம்பி" என்று சொல்லியனுப்பினார். மாப்பிள்ளையைப் பேசவிட்டுப் பார்க்கிறார் என்று புரிந்தது. அமெரிக்க அரசாங்கம் என்று தலைப்புக் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மன்றத்துச் சுவருக்கு அப்பால் நூற்பு இயந்திரங்களின் இரைச்சல். விளக்கைச் சுற்றிப் பஞ்சுத் தூசி. பேச்சு சுவைக்கட்டும் என்று மூன்று நாற்காலிகள் போட்டேன். நடுவில் வருங்கால மாமனார், ஜனாதிபதி. பக்கத்தில் அவர் தம்பி, துணை ஜனாதிபதி. சற்றுத் தள்ளி மதுக்கரைக்காரர் ஒருவர், மாநில கவர்னர்.

"ஏனுங்க, டெல்லியில இருந்து உத்தரவு வந்தா நான் எந்திரிச்சுப் போகோணுங்களா?" என்றார் கவர்னர்.

"அங்கே அப்படி இல்லைங்க. உங்க மாநிலத்து ஜனங்களே ஓட்டுப் போட்டு உட்கார வெச்சிருக்காங்க. ஜனாதிபதியே சொன்னாலும் நீங்க எந்திரிக்க வேண்டியதில்லை."

அவர் காலை நன்றாக நீட்டிக்கொண்டார். கைதட்டல். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமனாரை நோக்கிக் கையை நீட்டி, "இப்ப இவர் இறந்துட்டார்னு வெச்சுக்குங்க" என்றேன்.

மின்சாரம் போனது.

இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஓயாமல் இரையும் அந்த இடத்தில் அப்படியொரு நிசப்தம் வந்தபோது யாரும் இருமக்கூட இல்லை. பயம் வந்தால் என் வாய் நிற்காது. இருட்டிலேயே, "தேர்தல் எல்லாம் கிடையாதுங்க. துணை ஜனாதிபதி உடனே அந்த இடத்துக்கு வந்துடுவார்" என்று முடித்தேன்.

விளக்கு வந்தது. நடு நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தார். அண்ணனைக் காணவில்லை.

("நீங்கதானுங்களே அப்படிச் சொன்னீங்க?" என்றார் தம்பி, பிறகு. மேஸ்திரி மெஷினைப் பார்க்க ஓடியதும், சொன்னபடி நடந்துகொண்டாராம்.)

வாசலில் தலைமுதல் கால்வரை பஞ்சு அப்பி வெளுத்த ஓர் உருவம் நின்றது. "நான் இன்னும் போகலீங்க" என்றது. மாமனார்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றது ரேடியோ. துணை ஜனாதிபதி பதவியேற்றுவிட்டாராம். நான் சொன்ன வரிசை, சொன்னபடியே. அந்த மனிதருக்காக நிஜமாகவே அழுகை வந்தது. கூடவே, கண்ணாடி முன் போய் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் எனக்குக் கருநாக்கு என்று மில் முழுக்கப் பேச்சு. தம்பி வந்தார்.

"அண்ணனுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்க. இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

இடிந்துபோனேன். "அவங்க பொண்ணு என்ன சொல்றாங்க?"

"அம்மணிதானுங்க உங்களைக் கூட்டியாரச் சொல்லுச்சு. 'கெட்டது சொன்னாப் பலிக்குதுன்னா, நல்லது சொன்னாலும் பலிக்கோணுமல்லங்கப்பா'ன்னு கேட்டுப்போட்டுது. அண்ணன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டாருங்க."

போனேன். தலைமாட்டில் அவள் நின்றிருந்தாள். மாமனார் போர்வைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டினார். "நீங்க நூறு வயசு நல்லா இருப்பீங்க" என்றேன். சாயங்காலமே காய்ச்சல் விட்டது. தை மாதம் கல்யாணம்.

என் நாக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் இருந்தார். தம்பி போன பிறகும், கூட்டாளிகள் எல்லாம் போன பிறகும், மில்லையே மூடிய பிறகும் இருந்தார். தொண்ணூறைத் தாண்டிய ஒரு பிற்பகலில் என் கையைப் பிடித்தார். "போதுங்க மாப்ளே. அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்குங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தப்பிக்க வழி தேடி, "அதுக்கு ரெண்டு சபையும் சம்மதிக்கணுமுங்க மாமா" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "மேல்சபை சம்மதிக்காதுங்கப்பா!"

பொக்கைவாய் திறந்து சிரித்தார், கையை விட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் மேல்சபை. தான் துணைக்கு வராமல் அவள், நோயாளி யாரையும் பார்க்க என்னை அனுப்புவதில்லை.