பூஜ்யத்துக்குப் பதவி உயர்வு

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்த மிக முக்கியமான சம்பவம், எங்கள் கணித ஆய்வுக் கழகத்தின் நாற்பத்திரண்டாவது மதிப்பீட்டுக் குழுக் கூட்டம்தான். தலைவர், துணைத்தலைவர், குறிப்பு எழுதும் செயலராகிய நான் என்று மூன்றே உறுப்பினர்கள். மூவருக்கும் ஆளுக்கொரு வோட்டு.

அன்றைக்கு ஒரே அலுவல். எங்கள் தற்காலிக ஆய்வாளர் ஆறு வருடமாக மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, லீ இயற்கணிதத்தில் 'மாறா டென்சர்'களை எண்ணி முடித்து, அறிக்கையோடு வந்திருந்தார். குழு ஏற்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

"எங்களுக்கும் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார் தலைவர்.

ஆய்வாளர் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். "ஒத்தைப் பேனாவைத் திருப்பினா அது காட்டுற திசை மாறிடுது சார். அப்போ மாறாதது எத்தனை? பூஜ்யம். ரெண்டு பேனாவைச் சேர்த்துத் திருப்பினா நடுவுல இருக்கற கோணம் மாறாது. அதனால ஒண்ணு. மூணு பேனாவுக்கும் ஒண்ணு, நாலுக்கு மூணு, அஞ்சுக்கு ஆறு. அப்புறம் கையால எண்ணி மாளாது. முந்தின ரெண்டு எண்ணை வச்சு அடுத்ததைக் கண்டுபிடிக்க ஒரு மீள்தொடர்பு எழுதியிருக்கேன்."

"பேனாவே இல்லேன்னா?"

"ஒண்ணுன்னு எடுத்துக்கணும் சார்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேனா இல்லாதப்ப ஒண்ணு. கழகம் ஒரு பேனா வாங்கிக் கொடுத்ததும் பூஜ்யமா? மேலிடம் என்ன நினைக்கும்?"

"முதல் பக்கத்துலயே முட்டை!" என்று துணைத்தலைவர் வருந்தினார். "மேலிடம் முதல் பக்கம் மட்டும்தான் படிக்கும்."

அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக 'உயர்த்த' முடிவாயிற்று. பூஜ்யத்தின் மேல் இவ்வளவு கருணை காட்டிய குழு உலகில் வேறு இல்லை.

"சார், அடுத்த எண்ணெல்லாம் அதுலேர்ந்துதான் வருது" என்ற ஆய்வாளர், அந்த ஒன்றை வைத்துப் பலகையில் கணக்குப் போட்டே காட்டினார். இரண்டு பேனாவுக்கு விடை ஒன்றும் மூன்றில் இரண்டும்.

"ஒண்ணே முக்கால்னு வச்சுக்கலாமா?" என்றார் துணைத்தலைவர்.

"எதுக்குக் கஞ்சத்தனம்? ரெண்டுன்னே போடுங்க" என்றார் தலைவர்.

மூன்று பேனாவுக்கு மூன்றரை வந்தது. நான்காக்கினார்கள். நான்கு பேனாவுக்கு எட்டே சொச்சம் வந்ததும் தலைவர் மேசையைத் தட்டினார். "இதுதான்யா வளர்ச்சி!"

"முழுசா நிக்கற பொருளை எண்ணினா அரையும் சொச்சமும் எப்படி சார் வரும்?" ஆய்வாளர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம்" என்றார் தலைவர், மிகுந்த பரிவோடு.

தீர்மானம்: 'ஆய்வாளரின் முறையில் பின்னங்கள் தோன்றுவதால் எண்ணிக்கையில் கவனக்குறைவு உறுதியாகிறது. அறிக்கை நிராகரிக்கப்படுகிறது.' ஆறு வருட வேலையைத் தலைவர் ஆறு நிமிடத்தில் முடித்து வைத்தார். அந்த வேகத்தை நான் குறிப்பில் பாராட்டியிருக்கிறேன்.

எல்லோரும் எழுந்த பிறகு ஆய்வாளர் என் மேசைக்கு வந்தார்.

"அவங்களுக்குப் புரியல, சரி. உங்களுக்குப் புரிஞ்சுது. நான் பேனாவைத் திருப்பினப்ப தலையாட்டினீங்களே, பார்த்தேன்."

"புரிஞ்சுதும்மா."

"அப்புறம் ஏன் சார்?"

எனக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. குனிந்து குறிப்பை முடித்தேன்.

'தீர்மானத்துக்கு ஆதரவு: மூன்று. எதிர்ப்பு: பூஜ்யம்.'

அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்க என் கை ஒன்று போதுமாக இருந்தது.